தங்கவயல் தமிழருக்கு வழிகாட்டிய பண்டிதர்

பிழைப்பு தேடி வந்தவனுக்கு முதலில் வேண்டியது கூலி. அடுத்து வேண்டியது மரியாதை. 1880க்குப் பின் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வந்த தமிழரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். கம்பெனி கூலியும், லைனில் தட்டி வீடும் கொடுத்தது. மரியாதைக்கு வழிகாட்டியவர் பண்டிதர் அயோத்திதாசர்.

1845இல் பிறந்த இவருடைய இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே தமக்கும் சூட்டிக் கொண்டார். தொழில் சித்த வைத்தியம். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அது 'தமிழன்' ஆயிற்று.

மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் சங்கக் கிளைகள் எழுந்தன. ஊரில் சாதிப் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே பௌத்தராக, சமமாக அமர்ந்தனர். கல்யாணமும் ஈமக் கடனும் புத்த முறைப்படி நடந்தன. உறவினரை விட்டு வந்தவர்களுக்குச் சங்கமே சுற்றமாயிற்று. கடல் கடந்து ரங்கூன், தென் ஆப்பிரிக்கா சென்ற தமிழரிடமும் இவ்வியக்கம் பரவியது.

1914 மே 5இல் பண்டிதர் மறைந்தார். அவருடைய நூல்களைப் பின்னாளில் அச்சிட்டுக் காத்தது சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை. 2005இல் மத்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்ப்போர் பலர். வந்த இடத்தில் தனித்து நில்லாமல் சங்கமாய்க் கூடுவதே மானத்தோடு வாழ வழி என்ற பண்டிதரின் பாடம் அவர்களுக்கும் உரியதே.