கர்ப்பிணி உதவித் திட்டத்தில் இருக்கும் பெயர்... யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

கடலூர், சிதம்பரம்னு எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் இந்தப் பெயர் காதில் விழும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பணம் வந்துடுச்சான்னு கேட்கிற நம்மில் பலருக்கு, அவர் யார் என்று தெரியாது.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். பிறகு சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவர். தேவதாசி முறை ஒழிப்புக்கான போராட்டத்தில் முன்னால் நின்றவர்.

வாழ்க்கையை மாற்றிய மரணம்

1923-ல் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியலையே என்ற வலி அவரை விடவே இல்லை. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதுக்கு எதுக்குத் தனி ஆஸ்பத்திரி என்று நினைத்த காலம் அது. அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கம் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1957-லேயே கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்துவிட்டது.

1968 ஜூலை 22-ல் முத்துலட்சுமி மறைந்தார். அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை.

ஏழு மரபணுக்கள் சொல்லும் சேதி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முக்கியமான சிகிச்சை. ஆனால் ஒரே சிகிச்சையில் ஒருவருக்குக் கட்டி கரைகிறது, இன்னொருவருக்குத் திரும்ப வருகிறது. ஏன்?

நம் செல்களில் எல்லா மரபணுக்களும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் மரபணு வெளிப்பாடு. சிகிச்சைக்கு முன்பே கட்டியில் 7 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்தால், கதிர்வீச்சு பலன் தருமா என்று கணிக்கலாம் என 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதைச் செய்தது இதே அடையாறு மருத்துவமனைதான்!

இது ஆய்வு அளவிலான முயற்சி. ஆனால் இன்றைக்கே நம் கையில் இருப்பது பரிசோதனை. 30 வயது தாண்டிய பெண்கள் செய்துகொள்வது நல்லது. மாதவிடாய் நின்ற பிறகும், உறவுக்குப் பிறகும் ரத்தப்போக்கு இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்த முறை சுகாதார நிலையத்தில் அந்தப் பெயரைக் கேட்டால், நிதியோடு பரிசோதனை பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.