ஆட்டுப் பண்ணை ஊழியரின் மகன்

எஸ்டர்ஹாசி என்றொரு பிரபுக் குடும்பம். ஹங்கேரியில் ஊர் ஊராக நிலம் வளைத்திருந்த குடும்பம். அங்கே 1761-ல் வேலைக்கு அமர்ந்தார் ஹேடன் என்னும் இசை மேதை. ஒப்பந்தத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? சீருடை அணியவேண்டும். நாள்தோறும் முற்பகலும் பிற்பகலும் முன்கூடத்தில் வந்து நின்று, இன்று இசை உண்டா என்று பிரபுவின் உத்தரவு கேட்டுப் போகவேண்டும்! வீட்டு அலுவலர் என்ற பெயர் மட்டும் கௌரவமாக இருந்தது.

அதே குடும்பத்தின் ஆட்டுப் பண்ணைகளை மேற்பார்த்தவர் ஆதாம் லிஸ்ட். ரெய்டிங் என்ற சிற்றூரில் 1811 அக்டோபர் 22-ல் அவருக்குப் பிறந்த மகன்தான், பியானோ என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஃபிரான்ஸ் லிஸ்ட்.

பையனின் விரல்களில் ஏதோ இருக்கிறது என்று தகப்பன் கண்டுகொண்டார். வேலையை விட்டு வியன்னாவுக்கு அழைத்துப் போனார். அங்கே செர்னி என்ற ஆசிரியர் பாடம் சொல்லிக்கொடுத்தார், கூலி வேண்டாம் என்று கூறிவிட்டு! இதை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் வட்டியும் முதலுமாகத் திரும்பும் கடன் இது.

1823-ல் பாரிஸ். இசைக் கல்லூரி கதவைச் சாத்தியது. அயல்நாட்டான் என்பது காரணம். சாத்தச் சொன்ன தலைவர் செருபினியே இத்தாலியர் என்பதுதான் வேடிக்கை! 1827-ல் தகப்பன் இறந்தார். பதினைந்து வயதுப் பிள்ளை, வீடு வீடாகப் போய் பியானோ சொல்லிக்கொடுத்துத் தாயைக் காப்பாற்றினான். பாடம் கேட்டவர்களில் ஒருத்தி கரோலின், வர்த்தக மந்திரியின் மகள். இருவரும் காதலித்தனர். மந்திரி சும்மா இருப்பாரா? வாத்தியார் வாசலோடு வெளியேற்றப்பட்டார். கைதட்ட மட்டும் மாளிகைக்குக் கைகள் உண்டு. பெண் கொடுக்க இல்லை! இளைஞன் நோயில் விழுந்தான். இறந்தே போனான் என்று ஒரு பத்திரிகை செய்தியும் போட்டுவிட்டது. எழுப்பியது எது? 1830 ஜூலையில் பாரிஸ் வீதிகளில் முழங்கிய புரட்சி. பீரங்கிதான் பிள்ளையைக் குணப்படுத்தியது என்று தாய் சொல்லுவாராம்.

பிறகு அவர் எழுதத் தொடங்கினார். 1835-ல் அவர் பெயரில் வெளிவந்த கட்டுரைகள், கலைஞனை ஏவலாளாக நடத்தும் சமுதாயத்தைக் கூண்டிலேற்றின. லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் கூலிக்காக எழுந்து, பட்டாளத்தால் நசுக்கப்பட்ட காலம் அது. அந்த நகரின் பெயரையே சூட்டி ஒரு பியானோப் படைப்பை இயற்றினார் லிஸ்ட். 1837-ல் அங்கேயே போய், வேலையிழந்த தொழிலாளருக்காகக் கச்சேரி செய்தார். மறு ஆண்டு டான்யூப் பெருக்கெடுத்துப் பெஸ்ட் நகரை விழுங்கியது. வெனிசில் செய்தி கேட்டதும் வியன்னாவுக்கு விரைந்தார். ஒன்றிரண்டு கச்சேரி என்று எண்ணி வந்தவர் அடுக்கடுக்காக வாசித்துப் பணம் திரட்டி அனுப்பினார்.

தனி ஒருவர் மேடையேறி, முழு நேரமும் தாமே வாசிப்பது அவருக்குமுன் வழக்கமில்லை. அதை வழக்கமாக்கியவர் அவர். ஐரோப்பா முழுதும் பித்தாகத் திரண்டது.

குறையே இல்லாதவரா? இல்லை. பட்டங்களும் பதக்கங்களும் அவருக்குப் பிடிக்கும். 1848-ல் ஹங்கேரி விடுதலைக்கு எழுந்தபோது அவர் வைமார் அரசவையில் இருந்தார், வாளேந்தவில்லை. கிளர்ச்சி நசுக்கப்பட்டு, 1849 அக்டோபர் 6-ல் பிரதமராயிருந்த பாத்தியானியும் பதின்மூன்று தளபதிகளும் கொல்லப்பட்ட பிறகு, அந்த மாதத்தின் பெயரிட்டு ஓர் இரங்கல் இசை இயற்றினார். காலங்கடந்த கண்ணீர் என்போர் உண்டு. கண்ணீர் பொய்யல்ல என்பது நம் எண்ணம்.

வைமாரில் அவர் செய்ததுதான் பெரிய காரியம். 1847-லேயே, முப்பத்தைந்தாம் வயதில், புகழின் உச்சியில், தமக்கென்று பணம் வாங்கி வாசிப்பதை நிறுத்திவிட்டார்! வாத்தியக் கோஷ்டியை நடத்த நின்றார். பிறருடைய புதிய படைப்புகளை அரங்கேற்றினார். டிரெஸ்டன் கிளர்ச்சியில் கலந்து, பிடிவாரண்டுக்குத் தப்பியோடிய வாக்னருக்கு இடமும் பணமும் கொடுத்தார். நாட்டுக்குள் நுழைய முடியாத அந்த மனிதரின் 'லோஹென்கிரின்' இசை நாடகத்தை 1850-ல் மேடையேற்றினார். (வாக்னரின் யூத வெறுப்பு நமக்கு அருவருப்பானது, அது வேறு கதை.) ஒரே வீச்சாகச் செல்லும் பி மைனர் சொனாட்டாவை 1853-ல் முடித்ததும் இங்கேதான். 1858-ல், மாணவர் கொர்னேலியஸின் நாடகத்தை எதிர்க்கோஷ்டி சீறிக் கெடுத்தது. லிஸ்ட் பதவியை விட்டு விலகினார்.

முதுமையில் ரோம், வைமார், புடபெஸ்ட் என்று மாறி மாறி அலைந்தார். 1875-ல் புடபெஸ்டில் தோன்றிய இசைக் கழகத்துக்கு அவரே முதல் தலைவர். பல நாட்டு இளைஞர்கள், பெண்கள் உட்பட, வந்து குவிந்தனர். ஒருவரிடமும் அவர் கூலி வாங்கவில்லை. செர்னியின் கடன்!

1886 ஜூலை 31-ல், பைராய்ட்டில், வாக்னரின் விதவையான தம் மகள் கோசிமா நடத்திக்கொண்டிருந்த விழாவின் நடுவே இறந்தார். விழா நிற்கவில்லை.