ஆர்ஸ் பங்கின் ஞானத்தந்தை புனித ஜான் மரிய வியான்னி



நம் ஆலய ஜூபிலி ஆண்டில், பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித வியான்னியை நினைவுகூர்வது பொருத்தமே.

பிரான்ஸ் நாட்டில் லியோன் நகருக்கு அருகே உழவர் குடும்பத்தில் 1786-ல் பிறந்தார். இலத்தீன் மொழி அவருக்கு ஏறவேயில்லை. குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். ஆயினும் அவரது பக்தியைக் கண்டு, 1815-ல் குருப்பட்டம் அளித்தனர்.

1818-ல் ஆர்ஸ் என்னும் சிற்றூர்ப் பங்குக்கு வந்தார். அங்கு ஏறத்தாழ 230 பேரே வாழ்ந்தனர். ஞாயிறு பூசையைவிட மதுக்கடையே பலருக்கு இனித்தது. அவரோ விடியுமுன் நற்கருணைநாதர் முன் முழந்தாளிட்டு, அவர்களுக்காகச் செபித்துத் தவம் புரிந்தார். ஆலயத்தின் மணிக்கோபுரத்தைப் புதிதாய் எழுப்பினார். பக்கச் சிற்றாலயங்கள் கட்டினார். அவற்றில் ஒன்று புனித பிலோமினம்மாளுக்கு உரியது. எனினும் அவ்வாலயத்தின் பெருஞ்செல்வம் அதன் பாவசங்கீர்த்தனத் தொட்டியே. தினமும் 16 மணி நேரம் வரை அதில் அமர்ந்திருந்தார். பிரான்ஸ் முழுவதிலுமிருந்து மக்கள் தேடி வந்தனர்.

தனிமையில் செபிக்க விரும்பி, பலமுறை பங்கைவிட்டுச் செல்ல முயன்றார். 1853-ல் நள்ளிரவில் புறப்பட்டபோது ஆலய மணி ஒலித்தது, மக்கள் வழிமறித்தனர். திரும்பி வந்து மீண்டும் தொட்டியில் அமர்ந்தார். 1859 ஆகஸ்டு 4-ல் ஆர்ஸிலேயே இறைவனடி சேர்ந்தார். 1925-ல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. பின்னர் எழுந்த பேராலயத்தோடு இணைந்து, அவரது பழைய ஆலயமும் நிற்கிறது.

அன்பர்களே, ஜூபிலிக்காக நம் ஆலயத்திற்கு வெள்ளையடித்துவிட்டோம். நம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் தூசி படிய விடலாமா? சனிக்கிழமை மாலைதோறும் அங்கே உங்களுக்காகக் காத்திருப்பேன்.