ரெண்டு பக்கக் கட்டுரையும் பத்தொன்பது வருஷ ஆசிரியரும்: வானியற்பியலாளர் சந்திரசேகர்

ஃபைனல் இயர் வந்துட்டா நம்ம கேம்பஸ்ல ரெண்டு கேள்வி சுத்திக்கிட்டே இருக்கும். பிளேஸ்மென்ட் ஆச்சா, பேப்பர் போட்டாச்சா. ரெண்டாவது கேள்விக்குப் பின்னாலயே இம்பேக்ட் ஃபேக்டர், சைட்டேஷன், இண்டெக்ஸ்னு ஒரு படை வரும். பணம் கட்டுங்க, மூணே நாள்ல வெளியிடுறோம்னு மெயில் அனுப்புற ஜர்னல்களும் வரும். திருநெல்வேலிக்காரங்களுக்கே அல்வா கொடுக்கிற கூட்டம் அது.

ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையோட மதிப்பை எதை வச்சு அளக்குறது? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலா வச்சுட்டுப் போன தமிழர் ஒருத்தர் இருக்கார். சுப்ரமணியன் சந்திரசேகர். இருபது வயசுல ஒரு வானியல் இதழுக்கு ரெண்டு பக்கக் கட்டுரை அனுப்பினார். பிறகு அதே இதழுக்குப் பத்தொன்பது வருஷம் ஆசிரியரா இருந்தார். அவரை நோபல் பரிசு வாங்கினவராத்தான் நமக்குத் தெரியும். இந்தக் கட்டுரையில அவரை அந்த இதழ் வழியாப் பார்ப்போம்.

லாகூரிலிருந்து மயிலாப்பூர்

1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். அப்பா சுப்ரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் அதிகாரி. அம்மா சீதாலட்சுமி, இப்சனோட நாடகம் ஒண்ணைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். பத்துப் பிள்ளைகளில் இவர் மூணாவது, ஆண்களில் மூத்தவர். சித்தப்பா சர் சி.வி. ராமன். 1918-ல் குடும்பம் சென்னைக்கு வந்து மயிலாப்பூரில் குடியேறியது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி முடிச்சு, 1925-ல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார்.

படிக்கும்போதே 1929-ல் அவரோட முதல் முக்கியமான கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியோட இதழில் வந்துடுச்சு. கல்லூரியில் நடந்த ஒரு இயற்பியல் போட்டியில் அவருக்குக் கிடைத்த பரிசு, விண்மீன்களின் உள்ளமைப்பு பற்றி ஆர்தர் எடிங்டன் எழுதிய புத்தகம். அந்த எடிங்டனே பிற்பாடு எதிரே வந்து நிற்பார்னு அப்போ யாருக்குத் தெரியும்?

கப்பலில் போட்ட கணக்கு

1930 ஜூலை 31 அன்று அரசு உதவித்தொகையோட பம்பாயில் கப்பல் ஏறினார். போற இடம் கேம்பிரிட்ஜ். வழியில கையில் எடுத்துக்கிட்ட விஷயம், வெண்குறு விண்மீன்கள். எரிபொருள் தீர்ந்து, பூமி அளவுக்குச் சுருங்கிப்போன விண்மீன்கள் இவை. இவ்வளவு எடை உள்ளே இழுத்தும் ஏன் இன்னும் சுருங்காம நிக்குது? நெருக்கித் திணிக்கப்பட்ட எலக்ட்ரான்கள் குவாண்டம் விதிப்படி எதிர்த்து அழுத்தம் தருது, அதனாலன்னு 1926-லேயே ஃபவுலர் சொல்லியிருந்தார்.

சந்திரசேகர் ஒரு படி மேலே போனார். நடுப்பகுதியில் அந்த எலக்ட்ரான்கள் ஏறக்குறைய ஒளி வேகத்துக்கு ஓடணும். அப்படின்னா சார்பியலைச் சேர்த்தே ஆகணும். நம்ம எஞ்சினியரிங் பாஷையில் சொன்னா, மெதுவான எலக்ட்ரானுக்கு அழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்கில் ஏறும். ஒளி வேகத்தை நெருங்கினா 4/3 அடுக்கில்தான் ஏறும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனா ஒரு எல்லையைத் தாண்டின எடையை அந்த 4/3 தாங்காது. விண்மீன் வெண்குறு நிலையில் நிற்க முடியாது, சுருங்கிக்கிட்டே போகும்.

இதைச் சுருக்கமா எழுதி அமெரிக்காவில் வெளிவந்த அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலுக்கு அனுப்பினார். 1931 ஜூலையில் அச்சானது. மொத்தம் ரெண்டே பக்கம். அந்த வருஷம் மே மாசம் சென்னையில் அவரோட அம்மா காலமாகியிருந்தார். பிள்ளை கடல் தாண்டி இருந்தார்.

அந்த முதல் கட்டுரையில் எல்லை சூரிய எடையில் 0.91 மடங்குன்னுதான் இருக்கும். வெண்குறு விண்மீன் எந்தப் பொருளால் ஆனதுன்னு அன்னிக்கு எடுத்துக்கிட்ட அனுமானம் அப்படி. பின்னாடி அது திருந்தி சுமார் 1.4 ஆச்சு. இதே மாதிரி எல்லையை வில்ஹெல்ம் ஆண்டர்சன், எட்மண்ட் ஸ்டோனர்னு ரெண்டு பேர் தனித்தனியா அவருக்குச் சற்று முன்னாலேயே தொட்டிருந்தாங்க. முழுக் கோட்பாடா வளர்த்து எடுத்தவர் சந்திரசேகர், அதனால பேர் அவருக்கு நின்னது. மத்த ரெண்டு பேரையும் இன்னிக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? பேர் எப்பவும் சரிசமமாப் பங்கு போடப்படுறதில்லை.

சிரித்த சபை

1933-ல் பிஎச்.டி., அதே வருஷம் டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் சங்கக் கூட்டம். முழுக் கணக்கையும் சந்திரசேகர் எடுத்து வைத்தார். அடுத்துப் பேச வந்தவர் எடிங்டன். ஒரு விண்மீன் இப்படி முட்டாள்தனமா நடந்துக்க முடியாது, அதைத் தடுக்க இயற்கையில் ஏதாவது ஒரு விதி இருந்தாகணும்ங்கிறது அவர் வாதம். கணக்கின் அடிப்படையே தப்புன்னு கேலி கலந்து பேசினார். சபை சிரித்தது.

சந்திரசேகருக்கு அப்போ 24 வயசு. எதிரே நின்னவர் உலகப் புகழ் பெற்ற வானியலாளர். நீல்ஸ் போர், பவுலி மாதிரியான குவாண்டம் இயற்பியல் பெரியவங்க தனிப்பட்ட முறையில் இவர் பக்கம்தான் இருந்தாங்க. ஆனா வெளிப்படையா வந்து யாரும் சொல்லலை.

இவர் என்ன செய்தார்? சண்டையை நீட்டலை. எடிங்டன் மேல மரியாதையையும் விடலை. 1936-ல் பிரசிடென்சியில் தனக்கு ஒரு வருஷம் பின்னால் இயற்பியல் படித்த லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். விண்மீன் அமைப்பு பத்தித் தெரிஞ்ச எல்லாத்தையும் 1939-ல் ஒரு புத்தகமாப் போட்டு, அந்தத் துறையை மூடிவைத்துவிட்டு வேற வேலைக்குப் போய்ட்டார்.

அதுவே அவரோட வழக்கமா ஆயிடுச்சு. ஒரு துறை, சில வருஷ உழைப்பு, வரிசையாக் கட்டுரைகள், கடைசியில் ஒரு புத்தகம், பிறகு அடுத்த துறை. விண்மீன் கூட்டங்களின் இயக்கம் 1942-ல், கதிர்வீச்சுப் பரவல் 1950-ல், பாய்மங்களின் நிலைப்புத்தன்மை 1961-ல், கருந்துளைகள் 1983-ல். எது டிரெண்டுன்னு பார்த்து அவர் துறை மாத்தலை. தற்செயல் இயக்கங்கள் பத்தி 1943-ல் எழுதின நீண்ட கட்டுரை விண்மீன்களுக்காகத்தான் தொடங்கினது. இன்னிக்கு வேதியியல்காரங்களும் உயிரியல்காரங்களும்கூட அதை மேற்கோள் காட்டுறாங்க.

ஆசிரியர் நாற்காலி

1895-ல் ஹேலும் கீலரும் தொடங்கிய அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னலுக்கு 1952-ல் சந்திரசேகர் ஆசிரியரானார். அப்போ வருஷத்துக்கு ஆறு இதழ், சுமார் 950 பக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தோட சொத்து. 1971-ல் அவர் இறங்கும்போது வருஷத்துக்கு 24 இதழ், 12,000 பக்கத்துக்கும் மேல. நீளமான கட்டுரைகளுக்கு 1954-ல் தனித் துணை இதழ், அவசரக் கண்டுபிடிப்புகளுக்கு 1967-ல் தனிக் கடித இதழ்னு கிளை விட்டது. கடைசியில் பொறுப்பு அமெரிக்க வானியல் சங்கத்துக்குக் கைமாறியது; ஐந்து லட்சம் டாலர் இருப்பும் சேர்த்துக் கொடுத்துட்டுப் போனார்.

இதுக்கு நடுவுல வகுப்பு எடுத்தார், மாணவர்களை வழிநடத்தினார், ரெண்டு பெரிய புத்தகமும் எழுதினார். யாருக்கு எந்தக் கட்டுரையை மதிப்பிட அனுப்புறது, எதை ஏத்துக்கிறது, எதைத் திருப்பி அனுப்புறதுன்னு பெரும்பாலும் அவரேதான் முடிவு பண்ணினார்.

அந்தக் காலத்தில் அந்த இதழில் என்ன வந்தது? 1955-ல் சால்பீட்டர், எந்த எடையில் எத்தனை விண்மீன்கள் பிறக்கும்னு எழுதின கட்டுரை. இன்னிக்கும் ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்குற ஒண்ணு. 1965-ல் பென்சியாசும் வில்சனும் தங்கள் ஆன்டெனாவில் எதிர்பாராத கூடுதல் இரைச்சல் இருக்குன்னு அடக்கமா எழுதின குறிப்பு. தலைப்பைப் பார்த்தா யாரும் புரட்டிட்டுப் போய்டுவாங்க. பிரபஞ்சத்தின் தொடக்கத்திலிருந்து மிச்சமான கதிர்வீச்சு அது. 1978-ல் நோபல் பரிசு.

கவனிங்க, அந்த இதழும் ஆசிரியர்களின் நிறுவனங்களிடம் பக்கக் கட்டணம் வாங்கினதுதான். அதனால காசு வாங்குற இதழ் எல்லாம் போலின்னு சொல்ல முடியாது. காசு வாங்கினாலும் துறை தெரிஞ்ச ஒருத்தர் உட்கார்ந்து படிச்சு, கேள்வி கேட்டு, தப்பிருந்தா திருப்பி அனுப்புறாரா? மூணு நாள் ஜர்னல்ல அந்த ஆள் இல்லை.

அளவுகோலும் பிசானமும்

அவர் ஆசிரியரா இருந்த வருஷங்களில்தான் மேற்கோள்களை எண்ணுற பழக்கமும் பிறந்தது. யூஜீன் கார்ஃபீல்ட் 1955-ல் யோசனை சொன்னார்; 1960-களில் அறிவியல் மேற்கோள் அட்டவணை வந்தது. இம்பேக்ட் ஃபேக்டர் கணக்கு சுலபம். ஒரு இதழ் கடந்த ரெண்டு வருஷத்தில் 100 கட்டுரை போட்டு, அதுக்கு இந்த வருஷம் 300 மேற்கோள் கிடைச்சா, 3. அவ்வளவுதான். இது இதழோட சராசரி. உங்க கட்டுரையோட மதிப்பு இல்லை.

சந்திரசேகருக்கு அடுத்து ஆசிரியரான ஹெல்மட் ஆப்ட், வானியல் கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணி ஆராய்ந்தவர். 1961-ல் வெளியான கட்டுரைகளை எடுத்துப் பார்த்தப்போ, மேற்கோள் உச்சத்துக்குப் போக சுமார் அஞ்சு வருஷம் ஆகியிருந்தது. அதுக்கப்புறமும் மெதுவாத்தான் இறங்கினது. அப்போ ரெண்டு வருஷச் சன்னல் வழியாப் பார்த்தா என்ன தெரியும்? பிசானத்துக்கு நாத்துப் பாவின மறுவாரமே வயல்ல இறங்கி மகசூல் அளக்கிற கதைதான். பாபநாசத்தில் திறந்த தண்ணி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரைக்கும் வந்து, குளம் நிறைஞ்சு, மடை திறந்து, கதிர் முத்தணும். அதுக்குன்னு ஒரு காலம் இருக்கு.

இப்போ அந்த ரெண்டு பக்கத்துக்கு வருவோம். 1931 கட்டுரைக்கு அந்தச் சன்னல் 1933-லேயே மூடிடும். எடிங்டனோட மோதல் நடந்ததே 1935-ல். 1967-ல் பல்சர்கள் கண்டுபிடிக்கப்பட்டு, நியூட்ரான் விண்மீன்கள் நிஜம்னு ஆனப்போதான் அந்த எல்லையைத் தாண்டினா என்ன ஆகும்ங்கிறது உயிருள்ள கேள்வியாச்சு. 1998-ல் பிரபஞ்சம் வேகம் கூடி விரியுதுன்னு கண்டுபிடிச்சவங்க அளவுகோலா வச்ச சூப்பர்நோவாக்களும், இந்த எல்லையை ஒட்டி வெடிக்கிற வெண்குறு விண்மீன்கள்தான்னு பொதுவாக் கருதப்பட்டவை. நோபல் பரிசு அவர் கையில் வந்தது 1983-ல். கட்டுரை வந்து 52 வருஷம்.

அதுக்காக மேற்கோளே வீண்னு அர்த்தமில்லை. ஒரு யோசனை எங்கெல்லாம் போய்ச் சேர்ந்ததுன்னு காட்டுற தடம் அது. தடத்தைப் பார்த்து நடக்கலாம், தடம் பதிக்கணும்னே நடந்தா ஊர் போய்ச் சேரமாட்டோம்.

சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் காலமானார். அந்த வருஷம்கூட, நியூட்டனின் பிரின்சிபியாவைப் பொதுவாசகருக்கு விளக்குற புத்தகம் ஒண்ணு அவரிடமிருந்து வந்தது. 1999-ல் விண்ணுக்குப் போன நாசாவின் எக்ஸ்-கதிர் தொலைநோக்கிக்குப் பேர் சந்திரா.

நம்ம ஊருக்குப் பக்கத்துலயே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வகம் இருக்கு. காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதால மேல் வளிமண்டலத்தை வருஷக்கணக்கா அளக்குறாங்க. பொறுமையான வேலைக்குத் தூரமாப் போய் உதாரணம் தேட வேண்டாம்.

அடுத்த தடவை பேப்பர் போடணும்னு யாராவது அவசரப்படுத்தினா, முதல்ல நாசாவோட ஏடிஎஸ் தளத்துக்குப் போங்க. இலவசம்தான். 1931, சந்திரசேகர்னு தேடினா அந்த ரெண்டு பக்கமும் அப்படியே கிடைக்கும். கீழே எத்தனை மேற்கோள், எந்தெந்த வருஷம்னும் இருக்கும். எண்ணிக்கையை அப்புறம் பார்த்துக்கலாம், கட்டுரையை முதல்ல படிங்க. செமஸ்டர் ஒண்ணுல படிச்ச கால்குலஸ் தெரிஞ்சாலே பாதி தூரம் கூடவே போயிடலாம்.