ஜார்ஜ் எல்லரி ஹேல்

ஜார்ஜ் எல்லரி ஹேல் (ஜூன் 29, 1868 – பிப்ரவரி 21, 1938) ஓர் அமெரிக்க வானியலாளர் ஆவார். சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் உள்ளது என்பதை 1908 இல் முதன்முதலாகக் கண்டறிந்தவர் இவரே. பூமிக்கு அப்பால் ஒரு விண்பொருளில் காந்தப்புலம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறையாகும். யெர்க்ஸ், மவுண்ட் வில்சன் ஆகிய வானாய்வகங்களை நிறுவிய இவர், பாலோமர் மலை வானாய்வகத்துக்கும் அடித்தளம் இட்டார். தம் காலத்தில் பயன்பாட்டில் இருந்தவற்றுள் மிகப்பெரியவையாக விளங்கிய நான்கு தொலைநோக்கிகள் இவரது முயற்சியால் உருவாயின. அவற்றுள் நான்காவது இவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின்னரே நிறைவுற்றது.

இளமையும் கல்வியும்

ஹேல் சிகாகோ நகரில் பிறந்தார். இவரது தந்தை வில்லியம் எல்லரி ஹேல் கட்டிடங்களுக்கான மின்தூக்கிகளின் முன்னோடியான நீரியல் தூக்கிகளைத் தயாரித்துப் பெரும் செல்வம் ஈட்டியவர். 1871 ஆம் ஆண்டின் பெரும் தீவிபத்துக்குப் பின் சிகாகோவில் உயரமான கட்டிடங்கள் எழுந்தபோது அவரது தொழில் வளர்ந்தது. மகனின் அறிவியல் ஆர்வத்தை ஊக்குவித்த அவர், நுண்ணோக்கி, தொலைநோக்கி, நிறமாலைமானி போன்ற கருவிகளை வாங்கிக் கொடுத்தார்.

ஹேல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் பயின்று 1890 இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் எவலினா காங்க்ளின் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மார்கரெட் என்ற மகளும் வில்லியம் என்ற மகனும் பிறந்தனர்.

சூரிய நிறமாலைப் படக்கருவி

சூரியனை ஒரே ஒரு அலைநீளத்தில் மட்டும் படம்பிடிக்கும் கருவி பற்றிய எண்ணம் 1889 இல், மாணவராக இருந்தபோதே ஹேலுக்குத் தோன்றியது. இக்கருவியில் சூரியப் பிம்பத்தின் ஒரு மெல்லிய கீற்று மட்டும் ஒரு பிளவின் வழியாக உட்செல்கிறது. அந்த ஒளி நிறமாலையாகப் பிரிக்கப்பட்டபின், இரண்டாவது பிளவு ஒன்று அதிலிருந்து தேவையான ஒரு கோட்டை மட்டும் வெளியே விடுகிறது. சூரியப் பிம்பத்தின் மீது முதல் பிளவு நகர நகர, ஒளிப்படத் தட்டில் முழுப்படம் கீற்றுக் கீற்றாக உருவாகிறது. தாளை வரிவரியாகப் படியெடுக்கும் இன்றைய வருடியின் செயல்முறையும் இத்தகையதே. கால்சியம், ஐதரசன் ஆகிய தனிமங்கள் உமிழும் ஒளியில் சூரியன் எவ்வாறு தோன்றும் என்பதை இக்கருவி காட்டியது. பிரான்சில் ஆன்றி தெலாந்தர் என்பவரும் இதே காலத்தில் தனித்து இத்தகைய கருவியை உருவாக்கினார்.

ஹேல் தம் தந்தையின் உதவியுடன் சிகாகோவில் வீட்டை ஒட்டி அமைத்த கென்வுட் ஆய்வகத்தில் 12 அங்குலத் தொலைநோக்கியுடன் இக்கருவியைப் பயன்படுத்தினார். 1895 இல் ஜேம்ஸ் கீலருடன் இணைந்து வானியற்பியலுக்கெனத் தனி ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது.

யெர்க்ஸ் வானாய்வகம்

1892 இல் ஹேல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியரானார். அவ்வாண்டில் தென் கலிபோர்னியாவில் கைவிடப்பட்ட ஒரு தொலைநோக்கித் திட்டத்துக்காக வார்க்கப்பட்ட இரு பெரிய கண்ணாடி வட்டுகள் விற்பனைக்கு இருப்பதை அறிந்தார். சிகாகோவின் டிராம் வண்டித் தொழிலதிபர் சார்லஸ் யெர்க்சை இணங்கவைத்து, அவ்வட்டுகளைக் கொண்டு 40 அங்குல (102 செ.மீ.) ஒளிமுறிவுத் தொலைநோக்கியை உருவாக்கச் செய்தார். விஸ்கான்சின் மாநிலத்தின் வில்லியம்ஸ் பே என்னும் ஊரில் இவ்வானாய்வகம் 1897 இல் திறக்கப்பட்டது. வானியல் ஆய்வுக்குப் பயன்பட்ட ஒளிமுறிவுத் தொலைநோக்கிகளுள் இன்றுவரை மிகப்பெரியது இதுவே.

வில்லை இதைவிடப் பெரிதானால் தன் எடையாலேயே வளையும். தடித்த கண்ணாடி ஒளியையும் விழுங்கும். ஆடித் தொலைநோக்கிகளுக்கு இத்தடை இல்லை, ஏனெனில் ஆடியைப் பின்புறம் முழுவதும் தாங்கிப் பிடிக்கலாம். இதை உணர்ந்த ஹேல், யெர்க்ஸ் திறக்கப்படும் முன்னரே அடுத்த கருவிக்கு ஆயத்தமானார். 1896 இல் அவரது தந்தை பிரான்சின் செயின்ட் கோபைன் நிறுவனத்திடமிருந்து 60 அங்குல (1.5 மீட்டர்) கண்ணாடி வட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஆனால் அதைத் தொலைநோக்கியாக்கப் பணம் கிடைக்கவில்லை. தந்தை 1898 இல் காலமானார். வட்டு பல ஆண்டுகள் பொருத்தப்படாமலேயே கிடந்தது.

மவுண்ட் வில்சன்

தெளிந்த, அசைவற்ற காற்றைத் தேடிய ஹேல், கலிபோர்னியாவின் பாசடேனா நகருக்கு மேலே ஏறத்தாழ 1,740 மீட்டர் உயரத்தில் உள்ள வில்சன் மலையைத் தேர்ந்தெடுத்தார். நிதியுதவி உறுதியாகும் முன்னரே தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு அங்கு பணியைத் தொடங்கினார். 1904 டிசம்பரில் கார்னெகி நிறுவனம் நிதி வழங்க, மவுண்ட் வில்சன் சூரிய வானாய்வகம் பிறந்தது. பாசடேனாவில் பட்டறையும் இயற்பியல் ஆய்வுக்கூடமும் அமைக்கப்பட்டன. தந்தை வாங்கிய வட்டை ஜார்ஜ் ரிச்சி அங்கு தேய்த்து மெருகேற்றினார். தொலைநோக்கியின் தாங்கமைப்பு சான்பிரான்சிஸ்கோவில் தயாராகிக் கொண்டிருந்தபோது 1906 ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. தாங்கமைப்பு பெரும் சேதமின்றித் தப்பியது.

1908 ஆம் ஆண்டு

ஹேலின் வாழ்வில் 1908 தனிச்சிறப்புடைய ஆண்டாகும். அவரது மிகப்பெரிய கண்டுபிடிப்பு, பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த தொலைநோக்கியின் நிறைவு, பின்னாளில் அவரை வாட்டிய சிக்கல் ஒன்றின் தொடக்கம் ஆகிய மூன்றும் அவ்வாண்டில் ஒரே வானாய்வகத்தில் நிகழ்ந்தன.

கோபுரத் தொலைநோக்கி

மலையில் முதலில் நிறுவப்பட்ட ஸ்னோ தொலைநோக்கி கிடைமட்டமாக அமைந்தது. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று அதன் பிம்பத்தைக் கலங்கச் செய்தது. இதற்குத் தீர்வாக ஹேல் 60 அடி (18 மீட்டர்) உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். கோபுர உச்சியில் உள்ள ஆடிகள் சூரிய ஒளியை நேர் கீழே செலுத்தின. நிறமாலைமானி நிலத்தடியில் ஏறத்தாழ 30 அடி ஆழக் குழியில் வைக்கப்பட்டது. அங்கு வெப்பநிலை அதிகம் மாறாததால் கருவி நிலையாக இயங்கியது.

சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம்

1908 இல் சிவப்பு ஒளியையும் பதியவல்ல புதிய ஒளிப்படத் தட்டுகளைக் கொண்டு ஹேல் ஐதரசனின் சிவப்புக் கோட்டில் சூரியனைப் படம்பிடித்தார். சூரியப் புள்ளிகளைச் சுற்றிப் பெரும் சுழல்கள் போன்ற வடிவங்கள் தென்பட்டன. மின்னேற்றம் கொண்ட துகள்கள் சுழன்றால் காந்தப்புலம் உருவாகும் என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளால் அறியப்பட்டிருந்தது. எனவே சூரியப் புள்ளிகள் காந்தத்தன்மை உடையனவாக இருக்கலாம் என ஹேல் கருதினார்.

இதைச் சோதிக்க வழி இருந்தது. ஒளிமூலம் காந்தப்புலத்தில் இருந்தால் அதன் நிறமாலைக் கோடுகள் பிளவுபடும் என்பதை 1896 இல் டச்சு இயற்பியலாளர் பீட்டர் சீமன் கண்டறிந்திருந்தார். காந்தப்புலத்தின் திசையிலேயே நோக்கினால் ஒரு கோடு இரண்டாகத் தெரியும். அவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் வட்ட முனைவாக்கம் பெற்றிருக்கும். சூரியப் புள்ளிகளின் நிறமாலையில் இரட்டைக் கோடுகளை வானியலாளர்கள் முன்பே கண்டிருந்தனர். எனினும் அவற்றுக்கு வேறு காரணங்களே கூறப்பட்டு வந்தன.

1908 ஜூன் மாதத்தில் ஹேல் நிறமாலைமானியின் பிளவுக்கு முன்னால் முனைவாக்கத்தைப் பிரித்தறியும் படிகங்களைப் பொருத்தினார். ஒரு நிலையில் இரட்டைக் கோடுகளுள் ஒன்று மங்கியது. படிகத்தைத் திருப்பியபோது மற்றது மங்கியது. அதாவது சீமன் விளைவின் அடையாளம் சூரியப் புள்ளியிலேயே தென்பட்டது. பாசடேனா ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் கிங் வலிமையான மின்காந்தத்தின் நடுவே ஒளிமூலத்தை வைத்துப் பெற்ற நிறமாலைகளும் இம்முடிவுக்கு ஆதரவாக அமைந்தன. புலத்தின் வலிமை ஏறத்தாழ 2,900 காஸ் என மதிப்பிடப்பட்டது. பூமியின் மேற்பரப்பில் உள்ள காந்தப்புலம் ஏறத்தாழ அரை காஸ் மட்டுமே. இம்முடிவை வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில், காந்தப்புலம் இருக்கக்கூடும் என்ற அளவிலேயே ஹேல் எச்சரிக்கையுடன் எழுதினார்.

இக்கண்டுபிடிப்புக்கு வழிகாட்டிய சுழல் கருத்து பின்னர் நிலைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இன்றைய புரிதலின்படி காந்தப்புலம் சூரியனின் உட்பகுதியில் உருவாகி மேலெழுகிறது. ஐதரசன் படங்களில் காணப்படும் வடிவங்கள் அப்புலத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டவையே. ஹேல் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றிக் கருதியிருந்தார். ஆயினும் அவர் தம் கருத்தோடு நின்றுவிடாமல் அளவீடு செய்தமையால் கண்டுபிடிப்பு நிலைத்தது.

60 அங்குலத் தொலைநோக்கி

குறுகலான மலைப்பாதை அகலப்படுத்தப்பட்டு, தொலைநோக்கியின் கனமான பாகங்களும் ஆடியும் மேலே கொண்டு செல்லப்பட்டன. 1908 டிசம்பரில் 60 அங்குலத் தொலைநோக்கி வானை நோக்கத் தொடங்கியது. ஹேலின் தந்தை வட்டை வாங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. பின்னர் ஹார்லோ ஷாப்லி இதன் துணையுடன் கோள விண்மீன் கொத்தணிகளை ஆராய்ந்து, சூரியன் பால்வழியின் மையத்தில் இல்லை என 1918 இல் காட்டினார்.

குமிழிகள் நிறைந்த கண்ணாடி

60 அங்குலத் தொலைநோக்கி நிறைவுறும் முன்னரே ஹேல் 100 அங்குல (2.5 மீட்டர்) ஆடிக்குத் திட்டமிட்டிருந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் வணிகர் ஜான் ஹூக்கர் 1906 இல் அதற்காக 45,000 டாலர் வழங்க முன்வந்தார். ஏறத்தாழ நான்கரை டன் எடை கொண்ட வட்டு 1908 டிசம்பரில் பிரான்சிலிருந்து பாசடேனாவுக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவு கண்ணாடியை ஒரே கலத்தில் உருக்க இயலாமையால் மூன்று கலங்களிலிருந்து அடுத்தடுத்து ஊற்றியிருந்தனர். ஊற்றுகளுக்கு இடையே காற்றுக் குமிழிகள் அடுக்குகளாகச் சிக்கியிருந்தன. வெப்பநிலை மாறும்போது இவ்வட்டு சீராக விரியாது எனக் கருதிய ரிச்சி, அதை ஏற்க மறுத்தார். 60 அங்குலத் தொலைநோக்கி வெற்றி கண்ட அதே மாதத்தில் அடுத்த தொலைநோக்கியின் எதிர்காலம் கேள்விக்குறியானது.

கோடைக்கானலுடன் தொடர்பு

கோடைக்கானல் வானாய்வகத்தில் பணியேற்க வந்த ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட், வழியில் 1906 இல் மவுண்ட் வில்சனுக்குச் சென்று ஹேலைச் சந்தித்தார். ஹேலின் சுழல் கருத்து வெளியான பின், சூரியப் புள்ளிகளில் வளிமங்களின் இயக்கத்தை எவர்ஷெட் கோடைக்கானலில் அளந்தார். 1909 ஜனவரியில் அவர் கண்டது சுழற்சி அன்று. புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கிய ஓட்டம். இது எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. ஹேல் வகுத்த கொள்கையில் இயங்கும் சூரிய நிறமாலைப் படக்கருவிகளால் கோடைக்கானலில் எடுக்கப்பட்ட படங்கள், நூறாண்டுக்கும் மேற்பட்ட சூரிய வரலாற்றின் பதிவாக உள்ளன.

நோயும் 100 அங்குலத் தொலைநோக்கியும்

மறுவார்ப்பு முயற்சிகள் பயன் தரவில்லை. ஒருபுறம் ஆய்வு, மறுபுறம் நிதி திரட்டல், நிர்வாகம், பயன்படுமா என அறியாத கண்ணாடி எனப் பல சுமைகளைத் தாங்கிய ஹேல் 1910 இல் கடும் நரம்புத் தளர்ச்சிக்கு உள்ளானார். தலைவலியும் உறக்கமின்மையும் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தன. அவர்முன் ஒரு குட்டி உருவம் தோன்றிப் பேசியதாகப் பலகாலம் கூறப்பட்டு வந்தது. அவரது கடிதம் ஒன்றில் உவமையாக எழுதப்பட்டதைப் பிழையாகப் பொருள்கொண்டதால் இக்கதை எழுந்தது என அறிவியல் வரலாற்றாசிரியர்கள் பின்னர் விளக்கினர்.

இறுதியில், குமிழிகள் ஆழத்தில் இருப்பதால் கேடில்லை என வல்லுநர் ஆர்தர் டே கருத்துரைக்க, ரிச்சியின் எதிர்ப்பையும் மீறி 1910 இல் பழைய வட்டையே தேய்க்கத் தொடங்கினர். 1917 நவம்பர் 1 ஆம் நாள் இரவு ஹேலும் வால்டர் ஆடம்சும் முதன்முறையாக அதன் வழியே வியாழனை நோக்கினர். ஒரு கோளுக்குப் பதிலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பிம்பங்கள் தெரிந்தன. பகலில் கூரை திறந்திருந்ததால் ஆடி சூடேறியிருக்கலாம் எனக் கருதி, ஆடி குளிரும்வரை காத்திருந்தனர். உறங்க இயலாத இருவரும் பின்னிரவில் திரும்பி வந்து வேகா விண்மீனை நோக்கியபோது அது கூர்மையான ஒளிப்புள்ளியாகத் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட அதே கண்ணாடியைக் கொண்டு எட்வின் ஹபிள் 1923 இல் ஆந்திரொமேடாவில் மாறொளிர் விண்மீனைக் கண்டு, அது பால்வழிக்கு அப்பாற்பட்ட தனி விண்மீன் பேரடை என நிறுவினார். 1929 இல் அண்டம் விரிவடைவதற்கான சான்றையும் இத்தொலைநோக்கியின் துணையுடன் முன்வைத்தார்.

பிற்காலப் பணிகள்

சூரியப் புள்ளி இணைகளில் முன் செல்வதும் பின் தொடர்வதும் எதிரெதிர்க் காந்த முனைகள் கொண்டவை என்பதையும், இவ்வரிசை வட, தென் அரைக்கோளங்களில் மாறியிருப்பதையும், ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகீழாவதையும் ஹேலும் அவரது குழுவினரும் கண்டறிந்தனர். எனவே முழுக் காந்தச் சுழற்சிக்கு ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஆகின்றன.

அமெரிக்காவில் தேசிய ஆய்வுக் குழு 1916 இல் அமையவும், பாசடேனாவின் சிறிய தொழில்நுட்பக் கல்லூரி கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமாக வளரவும் ஹேல் காரணமாக இருந்தார். இலண்டன் ராயல் கழகம் இவருக்கு 1932 இல் கோப்ளி பதக்கம் வழங்கியது.

உடல்நலக் குறைவால் 1923 இல் இயக்குநர் பதவியைத் துறந்த பின்னும் ஹேல் ஓயவில்லை. 1928 இல் ராக்பெல்லர் அறநிறுவனத்திடமிருந்து 200 அங்குல (5.1 மீட்டர்) தொலைநோக்கிக்கு 60 இலட்சம் டாலர் பெற்றார். அதன் ஆடி 1934 இல் வார்க்கப்பட்டது. அத்தொலைநோக்கி நிறைவுறும் முன் 1938 இல் பாசடேனாவில் தமது 69 ஆம் வயதில் ஹேல் காலமானார். 1948 இல் பாலோமர் மலையில் திறக்கப்பட்ட அத்தொலைநோக்கிக்கு ஹேல் தொலைநோக்கி எனப் பெயரிடப்பட்டது.