மூன்று முறை தட்டப்பட்ட கதவு



போன மாசம் நன்னெறி வகுப்பில் ஒரு கேள்வி வந்தது. கிறிஸ்தவர்களுக்கு விசுவாசம் மட்டும் போதுமா, நற்செயலும் வேணுமா? பைபிளிலேயே இரண்டு பக்கமும் பேசுற மாதிரி இருக்கும். கடவுள் முன்னாடி ஒருவனை நீதிமானாக்குவது விசுவாசம்தான், அவன் செய்த செயல் அல்ல என்று பவுல் எழுதுகிறார். பசியோடு வந்தவனை வெறும் வாழ்த்து சொல்லி அனுப்பினால் அந்த விசுவாசத்தில் உயிரே இல்லை என்கிறார் யாக்கோபு. (நம்ம ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரின் வழியில் வந்தவர்களுக்குள்ளும் இதுமாதிரி ஒரு வாதம் உண்டு. குரங்குக்குட்டி போல நாம் கடவுளைப் பிடிச்சுக்கணுமா, பூனைக்குட்டி போல அவரே நம்மைத் தூக்கிட்டுப் போவாரா என்று!) மணி அடிச்சதும் பேச்சு பாதியில் நின்னுடுச்சு. ஆனா எனக்கு டாக்டர் ஐடா ஸ்கடர் ஞாபகம் வந்தார்.

நம்ம ஊர் வழியா போற வேலூர் பஸ்ஸில் ஏறினால் வாலாஜா தாண்டி வருவது ராணிப்பேட்டை. ஐடா பிறந்தது அங்கேதான், 1870 டிசம்பர் 9-ல். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மிஷனரி டாக்டர். அப்பாவும் மிஷனரி டாக்டர். அதாவது விசுவாசம் அவருக்குக் குடும்பச் சொத்து மாதிரி வந்தது. ஆனா ஐடாவுக்கு இந்த வேலையே பிடிக்கலை! தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியால் வாடிய பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டு ஊட்டிய சிறுமி அவர். அந்தக் காட்சி மனசை விட்டுப் போகவே இல்லை. அமெரிக்காவில் படிச்சு, அங்கேயே கல்யாணம் பண்ணி, வசதியாக வாழணும் என்பதுதான் அவர் ஆசை.

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பிடலாம் என்ற எண்ணம். அங்கே ஒரு ராத்திரி ஒரு பிராமணர் கதவைத் தட்டினார். பிரசவ வலியில் மனைவி துடிக்கிறாள், வந்து பாருங்கள் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா வருவார் என்றார் ஐடா. வேற்று ஆண் தன் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று அவர் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அதன் பிறகு இன்னொரு இந்து. மூன்று பேருக்கும் அதே பதில்தான். அன்னிக்கு ஐடா தூங்கலை, ஜெபம் பண்ணினார். காலையில் சாவு மேளச் சத்தம் கேட்டது. மூன்று பெண்களுமே இறந்துபோயிருந்தார்கள்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். அவரிடம் விசுவாசம் இருந்தது, இரக்கமும் இருந்தது. ஆனா கைக்கு வேலை தெரியலை. காலையிலேயே அப்பா அம்மாவிடம் போய், டாக்டருக்குப் படிக்கப் போறேன் என்று சொல்லிவிட்டார். புண்ணியம் சேர்த்து மோட்சம் போகலாம் என்ற கணக்கு இதில் இருந்ததாக எனக்குத் தோணலை. மூன்று முறை தன்னைக் கூப்பிட்டது கடவுள்தான் என்று நம்பினார். நம்பினதால சும்மா இருக்க முடியலை.

1899-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் வேலையைத் தொடங்கினார். அந்த வருஷமே அப்பா இறந்துட்டார். ஷெல் என்பவர் தன் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902-ல் ஆஸ்பத்திரி திறந்தது. குடியாத்தம் சாலையில் ஊர் ஊராக நிறுத்தி மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். அங்கே ஜெபமும் உண்டு, மருந்தும் உண்டு. ஆனா மதம் கேட்டு மருந்து தரலை.

தான் ஒருத்தி எத்தனை கதவுக்குப் போக முடியும்? அதனால் 1918-ல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். ஆறு பேராவது சேருவார்களா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். விண்ணப்பம் வந்தது 151! 1922-ல் முதல் அணியில் 14 பெண்கள் படிப்பை முடித்தார்கள். அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி. ஆனது. 1947-ல் ஆண்களையும் சேர்த்தார்கள்.

ஐடா கல்யாணம் பண்ணிக்கவே இல்லை. 1960 மே 24-ல் கொடைக்கானலில் காலமானார், 89 வயசு. அந்த முதல் ஆஸ்பத்திரி இப்போ ஷெல் கண் ஆஸ்பத்திரியாக இருக்கு. வேலூர் போறவங்க பார்த்துட்டு வாங்க.

- 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு