சி. இராஜகோபாலாச்சாரி

சக்ரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 – டிசம்பர் 25, 1972) தமிழ்நாட்டைச் சேர்ந்த வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட வீரர், எழுத்தாளர், அரசியல்வாதி ஆவார். இராஜாஜி எனப் பரவலாக அறியப்படுகிறார். இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராகப் பதவி வகித்த இவர், 1959 இல் சுதந்திராக் கட்சியை நிறுவினார். அரசின் அதிகாரம் குறுக வேண்டும் என்ற இவரது கொள்கை பெரும்பாலும் பொருளாதாரத்தை ஒட்டியே பேசப்படுகிறது. படைவலிமையைப் பயன்படுத்துவது பற்றி இவர் எடுத்த நிலைப்பாடுகள் அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

தொடக்க வாழ்க்கை

அன்றைய சேலம் மாவட்டத்தின் தொரப்பள்ளியில் (இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்) பிறந்தார். சென்னையில் சட்டம் பயின்று சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1930 இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குத் தலைமை தாங்கினார். 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தார்.

போரும் அகிம்சையும்

காந்தியின் நெருங்கிய தோழராயினும் இராஜாஜி முழுமையான போர் மறுப்பாளர் அல்லர். இந்தியர்களைக் கலந்தாலோசிக்காமல் இந்தியாவை இரண்டாம் உலகப்போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து மாகாணக் காங்கிரசு அமைச்சரவைகள் 1939 இல் விலகியபோது இவரும் பதவி துறந்தார். ஆனால் மறு ஆண்டே, தேசிய அரசு அமைக்கப்பட்டால் போருக்கு ஒத்துழைக்கலாம் என்று காங்கிரசை இணங்க வைத்தார். இதில் காந்தியுடன் கருத்து வேறுபட்டார். 1948 செப்டம்பரில் ஐதராபாத்துக்குள் இந்தியப்படை நுழைந்தபோது தலைமை ஆளுநராக இருந்தவரும் இவரே.

கோவா

1961 டிசம்பரில் இந்தியப்படை கோவாவுக்குள் நுழைந்தது. 1510 முதல் நீடித்த போர்த்துக்கேய ஆட்சி, டிசம்பர் 19 அன்று அப்படையினர் சரணடைந்ததுடன் முடிந்தது. போர்நிறுத்தம் கோரிப் பாதுகாப்பு அவையில் வந்த தீர்மானத்தைச் சோவியத் ஒன்றியம் தடுப்பு வாக்கால் முறியடித்தது. இலங்கையும் அதை எதிர்த்து வாக்களித்தது.

நாடே கொண்டாடிய அந்நிகழ்வை இராஜாஜி கண்டித்தார். உலக நாடுகளின் படைப்பலப் போக்கை எதிர்த்துப் பேசும் தார்மிக உரிமையை இந்தியா இழந்துவிட்டதாகவும், பாதுகாப்பு அவையின் மதிப்பு குலைந்ததாகவும் எழுதினார். பொதுத்தேர்தலுக்கு இரண்டே மாதங்கள் இருந்த வேளையில் கூறப்பட்டது இது என்பது கருதத்தக்கது. அத்தேர்தலில் சுதந்திராக் கட்சி மக்களவையில் 18 இடங்களைப் பெற்றது.

குடிமகன் வாழ்வில் அரசின் தலையீட்டை மறுப்பவர், அதே அரசின் படை எல்லை கடப்பதை ஐயுறுவது பொருத்தமே. எனினும் அயலாட்சியின்கீழ் இருந்தோரின் விடுதலைக்கு வேறு வழி என்ன என்ற கேள்விக்கு இவரது வாதம் முழுமையான விடை தரவில்லை. அத்துமீறலுக்கு எதிராகப் படைபலம் நியாயமாகலாம் என்று 1940 இல் ஏற்றவரும் இவரேயாவார்.

பிற்காலம்

1962 செப்டம்பரில், 83 ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனக் குழுவுடன் வாசிங்டன் சென்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்து அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரினார். 1964 இல் காசுமீர்ச் சிக்கலுக்குப் பாக்கித்தானுடன் இணக்கமான தீர்வு காண வேண்டும் என்றார். சேக் அப்துல்லா சென்னைக்கு வந்து இவரைச் சந்தித்தார். ஆனால் வியட்நாமிலிருந்து அமெரிக்கா விலகினால் தென்கிழக்கு ஆசியாவைச் சீனா கைப்பற்றும் என்றும் வாதிட்டார். கோவாவுக்கு இவர் வைத்த அளவுகோலுடன் இதனைப் பொருத்துவது எளிதன்று.

1967 தேர்தலில் சுதந்திராக் கட்சி 44 மக்களவை இடங்களை வென்றது. 1972 டிசம்பர் 25 அன்று தமது 94 ஆம் வயதில் இராஜாஜி சென்னையில் காலமானார்.